ஊர்ப் பக்கம் மாறுதலா, வேறு வேலையா: ரயில்வே ஊழியர் எதைக் கேட்பது?

ரயில்வேயில் குடும்பச் சூழ்நிலையைச் சொல்லி மாறுதல் கேட்காதவர் குறைவு. அம்மாவுக்கு டயாலிசிஸ், குழந்தைக்கு ஆட்டிசம், மனைவி திருநெல்வேலியில் ஆசிரியை, தனக்கே இதய அறுவை சிகிச்சை என்று காரணம் எதுவானாலும் மனு மட்டும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். முதல் பாதி முழுக்கத் துயரம், பிற்பாதியில் "கருணையுடன் பரிசீலிக்க வேண்டுகிறேன்". எந்த விதியின்கீழ் கேட்கிறோம், கிடைத்தால் எதை இழப்போம், கிடைக்காவிட்டால் அடுத்து என்ன என்பது அதில் இருக்காது. ஊழியர் விவகாரங்களைக் கவனிக்கும் பெர்சனல் பிராஞ்சில் இந்த மனுக்களுக்கு நோட்டிங் (கோப்புக் குறிப்பு) எழுதிக்கொண்டிருந்தவன் என்ற முறையில், இருக்கிற வழிகளை எடைபோட்டுப் பார்க்கிறேன். ஊழியர் இறந்தபின் வாரிசுக்குக் கிடைக்கும் கருணை அடிப்படை வேலை வேறு விஷயம், அதற்குள் இங்கே போகவில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வழிகளில் சட்டம் உரிமையாகவே கொடுத்திருப்பது ஒன்றுதான்: வேலையில் இருக்கும்போது உங்களுக்கே உடல் குறைபாடு வந்தால் வேறு வேலை தரவேண்டும் என்பது. பெற்றோர், மனைவி, குழந்தை காரணமாகக் கேட்பது எல்லாம் நிர்வாகம் மனது வைத்தால் நடப்பவை, பெரும்பாலும் அதற்கு ஒரு விலையும் உண்டு. அந்த விலை என்ன, பிறகு திரும்பக் கிடைக்குமா என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பலரும் எது சீக்கிரம் நடக்கும் என்று மட்டும் கேட்கிறார்கள்.

லீவு போதுமா என்று முதலில் பாருங்கள்

கஷ்டம் ஆறு மாதத்தில் தீரக்கூடியதா, ஆயுசுக்கும் தொடரக்கூடியதா? அப்பாவுக்கு இடுப்பு எலும்பு முறிவு என்றால் ஒரு வருடத்தில் நிலைமை மாறிவிடும். அதற்காக இருபது வருட சீனியாரிட்டியை விடுவது பெரிய விலை.

முழுச் சம்பள லீவான எல்.ஏ.பி. வருடத்துக்கு 30 நாள், அரைச் சம்பள லீவான எல்.எச்.ஏ.பி. வருடத்துக்கு 20 நாள் சேர்கிறது. எல்.எச்.ஏ.பி.யை முழுச் சம்பளமாக மாற்றிக்கொள்ள உங்கள் சொந்த மருத்துவச் சான்று வேண்டும். பெற்றோருக்காக எடுத்தால் அரைச் சம்பளம்தான். ஆனால் அரைச் சம்பள இழப்பு ஓரிரு மாதத்தோடு முடிகிறது, சீனியாரிட்டி இழப்பு ரிட்டயர்மென்ட் வரை கூடவே வரும்.

பெண் ஊழியர்களுக்கு இன்னும் வலுவான ஒன்று இருக்கிறது. குழந்தை பராமரிப்பு விடுப்பு, சி.சி.எல். என்பார்கள். மூத்த இரண்டு குழந்தைகளுக்காக மொத்தப் பணிக்காலத்தில் 730 நாள். முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365 நாளுக்கு 80 சதவீதம். குழந்தைக்கு 18 வயது ஆகும்வரை எடுக்கலாம், மாற்றுத்திறனாளிக் குழந்தை என்றால் வயது வரம்பு இல்லை. மனைவியை இழந்தவர், விவாகரத்தானவர் போலத் தனியாகக் குழந்தை வளர்க்கும் ஆண்களுக்கும் இது உண்டு. மனைவி இருக்கும் ஆணுக்கு இல்லை. அது நியாயமா என்று கேட்டால் எனக்கு அதில் மாற்றுக் கருத்து உண்டு, ஆனால் விதி இன்று அப்படித்தான் இருக்கிறது. குழந்தைக்குத் தெரபி ஆரம்பிக்கும் முதல் வருடத்தை சி.சி.எல்.லில் கடந்துவிட்டு, அந்த இடைவெளியில் மாறுதலுக்குப் பதிவு செய்து காத்திருப்பதுதான் நான் பார்த்ததில் புத்திசாலித்தனமான ஏற்பாடு.

லீவுக்கும் நிரந்தர மாறுதலுக்கும் நடுவில் ஒன்று உண்டு: தற்காலிக மாறுதல். உங்கள் லியன், அதாவது நிரந்தரப் பதவி மீதான உரிமை, பழைய இடத்திலேயே இருக்கும், ஆளை மட்டும் வேறு ஸ்டேஷனில் 'யூட்டிலைஸ்' செய்வார்கள். சீனியாரிட்டி அப்படியே இருக்கும். சிக்கல் என்னவென்றால் இது முழுக்க அதிகாரி தரும் சலுகை. அவர் மாறினால், அல்லது பழைய இடத்தில் ஆள் பற்றாக்குறை என்று ஒரு கடிதம் வந்தால், மறுநாளே திரும்பப் போகச் சொல்லலாம். வீட்டில் வாடகை ஒப்பந்தம், குழந்தைக்குப் பள்ளி அட்மிஷன் எல்லாம் இதை நம்பிச் செய்யக்கூடாது.

ரிக்வெஸ்ட் டிரான்ஸ்ஃபர்: விலை எங்கே இருக்கிறது

சொந்த விருப்பத்தில் மாறுதல் கேட்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த வழி. இதில் முதலில் பார்க்க வேண்டியது தூரத்தை அல்ல, கோட்டத்தின் (டிவிஷன்) எல்லையை. பெரும்பாலான பதவிகளுக்கு சீனியாரிட்டி கோட்ட அளவில் இருக்கிறது. திருச்சி கோட்டத்துக்குள்ளேயே விழுப்புரத்திலிருந்து தஞ்சாவூருக்குப் போனால் சீனியாரிட்டியில் ஒன்றும் குறையாது. எல்லையைத் தாண்டினால், அது பக்கத்து ஸ்டேஷனாக இருந்தாலும், கதை மாறிவிடும்.

இந்த எல்லைகள் மாவட்ட எல்லைகளோடு ஒத்துப்போவதில்லை. நாகர்கோவில்காரர் கேட்க வேண்டியது திருவனந்தபுரம் கோட்டத்தை, திருநெல்வேலிக்காரர் மதுரையை. கோயம்புத்தூர் இருப்பது 2007-இல் பிறந்த சேலம் கோட்டத்தில். "தமிழ்நாட்டில் எங்காவது" என்று எழுதிய மனுவைப் பார்த்திருக்கிறேன். அதை எந்தக் கோட்டத்துக்கு அனுப்புவது என்று தெரியாமல் அது மேசை மேசையாகச் சுற்றும். நாகர்கோவிலில் அம்மா இருக்கிறார் என்றால் முதல் விருப்பம் திருவனந்தபுரம், இரண்டாவது மதுரை என்று தெளிவாகக் கேளுங்கள்.

கோட்டத்தையோ, பல கோட்டங்கள் சேர்ந்த மண்டலத்தையோ தாண்டிப் போனால் 'பாட்டம் சீனியாரிட்டி'. ரயில்வே பணியமைப்புக் கையேட்டின் 312-ஆவது பத்தி சொல்வது இதுதான்: போகிற இடத்தில் அந்த கிரேடில் ஏற்கெனவே இருக்கும் எல்லோருக்கும் கீழே உங்கள் பெயர் வரும், அவர்கள் உங்களுக்குப் பல வருடம் கழித்து வேலைக்கு வந்திருந்தாலும். நிர்வாக நலனுக்காக அவர்களே உங்களை மாற்றினால் 311-ஆவது பத்திப்படி சீனியாரிட்டி கூடவே வரும். அதனால்தான் "என் மாறுதலை நிர்வாக நலன் என்று போட்டுக்கொடுங்கள்" என்று கேட்பவர்கள் உண்டு. நீங்களே கையெழுத்துப் போட்ட மனு கோப்பில் இருக்கும்போது அதை எந்த அதிகாரியும் எழுதமாட்டார்.

இதோடு முடியவில்லை. இப்படி வெளியே போவது நேரடி ஆள்சேர்ப்பு நடக்கும் கிரேடுகளில் மட்டும்தான். லோகோ பைலட், அதாவது ரயில் ஓட்டுநர் வரிசையில் ஆட்கள் தேர்வாகி வருவது உதவி லோகோ பைலட் பதவிக்கு, சம்பள அடுக்கில் லெவல் 2, தொடக்கச் சம்பளம் 19,900. பிறகு சீனியர் உதவி லோகோ பைலட் லெவல் 4, சரக்கு ரயில் லோகோ பைலட் லெவல் 6. சரக்கு ரயில் லோகோ பைலட் ஆனபிறகு ரிக்வெஸ்டில் வர விரும்பினால், மறுபடி உதவி லோகோ பைலட்டாக இறங்கச் சம்மதித்து எழுதித்தர வேண்டியிருக்கும். தண்டவாளத்தைப் பராமரிக்கும் டிராக் மெயின்டெய்னரும் அப்படித்தான். அங்கே ஆள் எடுப்பது நான்காம் கிரேடில், லெவல் 1. நடுவில் வாங்கிய புரமோஷனை விட்டுவிட்டுத்தான் வரவேண்டும். அடிப்படைச் சம்பளத்தை ஓரளவு காப்பாற்றிக்கொள்ள விதி இடம் தருகிறது. பதவி போய்விடும், ரயிலோடு போகும் 'ஓடும் பணியாளர்' என்றால், ஓடிய தூரத்துக்குத் தரும் கிலோமீட்டர் அலவன்ஸிலும் அடி விழும்.

ஆகவே காலம் முக்கியம். வேலைக்குச் சேர்ந்த முதல் சில வருடங்களில் பாட்டம் சீனியாரிட்டி என்பது பெரிய இழப்பே இல்லை. நீங்கள் ஏற்கெனவே அடியில்தான் இருக்கிறீர்கள். செகந்திராபாத்திலோ பிலாஸ்பூரிலோ போஸ்டிங் வாங்கிய பையன், "கொஞ்ச நாள் போகட்டும், ஒரு புரமோஷன் வாங்கிட்டு ஊருக்கு வந்துடலாம்" என்று நினைப்பதுதான் அதிகமாக நடக்கும் தப்புக் கணக்கு. புரமோஷன் வாங்கியபின் வருவது இரட்டை நஷ்டம். பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பவர்கள் புரமோஷனையே மறுப்பதும் உண்டு. மறுத்தால் ஒரு வருடம் மறுபடி தரமாட்டார்கள், அவ்வளவுதான்.

பாட்டம் சீனியாரிட்டி என்றதும் பலர் சம்பளமே அடியிலிருந்து ஆரம்பிக்கும் என்று பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. பழைய சர்வீஸ் பென்ஷன் தொடர்பான கணக்கில் தொடர்கிறது, லீவுக் கணக்கும் கூடவே வரும். முக்கியமாக, புரமோஷன் வராவிட்டாலும் 10, 20, 30 வருடத்தில் கிடைக்கும் எம்.ஏ.சி.பி. சம்பள உயர்வுக்குப் பழைய இடத்துச் சர்வீஸையும் சேர்த்தே எண்ணுவார்கள். சொந்த விருப்பத்தில் வந்தாலும் இது பொருந்தும். ஆக நீங்கள் இழப்பது புரமோஷன் வரிசையை. உங்கள் கேடரில் (பதவி வரிசையில்) புரமோஷன் வேகமாக நடக்கிறதா, இல்லை எல்லோரும் எப்படியும் எம்.ஏ.சி.பி.யில்தான் ஓட்டுகிறார்களா என்று பாருங்கள். இரண்டாவது வகை என்றால் பாட்டம் சீனியாரிட்டிக்கு இவ்வளவு பயப்படத் தேவையில்லை.

சின்னச் சின்னச் செலவுகளும் இருக்கின்றன. சொந்த விருப்ப மாறுதலுக்குப் பயணப்படி கிடையாது, புதிய இடத்தில் போய்ச் சேரத் தரும் அவகாசமும் கிடையாது. சாமான் ஏற்றும் லாரி வாடகை உங்கள் கைக்காசு.

அப்புறம் 'ரிலீவ்', அதாவது பழைய இடத்திலிருந்து விடுவிப்பது. இதுதான் ஆளை உருக்கிவிடும். இரண்டு பக்கமும் ஒப்புதல் வந்து, ஆர்டர் கையில் இருக்கும். ஆனால் உங்கள் இடத்துக்கு மாற்று ஆள் வரும்வரை விடமாட்டோம் என்பார் அங்கிருக்கும் அதிகாரி. காலி இடங்கள் அதிகமாக இருக்கும் கோட்டத்தில் இது மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் இழுக்கும். டெப்போவுக்குள் உட்கார்ந்து பார்த்தால் அவர் பக்கமும் புரியும், ஆள் இல்லாமல் அவர் எந்த வண்டியை ஓட்டுவார்? ஆனால் அம்மாவை வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டியவருக்கு அந்தப் புரிதலால் ஒரு பிரயோஜனமும் இல்லை. குடும்பக் கஷ்டம் அவசரமானது என்றால், ரிக்வெஸ்ட் டிரான்ஸ்ஃபரை மட்டும் நம்பி இருக்கக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

மியூச்சுவல்

ரிலீவ் தொல்லைக்கு மருந்து மியூச்சுவல். ஒருவர் போக, ஒருவர் வருகிறார், காலி இடம் உண்டாவதில்லை. நிர்வாகம் இதற்கு மறுப்புச் சொல்லக் காரணம் குறைவு. சீனியாரிட்டியிலும் அடிமட்டத்துக்குப் போகவேண்டியதில்லை. 310-ஆவது பத்திப்படி, உங்கள் சொந்த சீனியாரிட்டி, எதிராளி விட்டுவந்த சீனியாரிட்டி, இரண்டில் எது தாழ்வோ அது உங்களுக்கு. நீங்கள் அந்த கிரேடுக்கு 2014-இல் வந்தவர், அவர் 2019-இல் வந்தவர் என்றால், நீங்கள் 2019-க்கு இறங்குவீர்கள், அவர் தன் 2019-லேயே இருப்பார். உங்களைவிட சீனியரோடு மாற்றிக்கொண்டால் உங்களுக்கு நஷ்டமே இல்லை, நஷ்டம் அவருக்கு. அதனால் சீனியர்கள் ஜூனியர்களோடு மியூச்சுவல் போடத் தயங்குவார்கள்.

ஒரே பதவி, ஒரே கிரேடு, எதிர்த்திசையில் வர விரும்பும் ஆள் என்று மூன்றும் பொருந்தி வருவது முழுக்க அதிர்ஷ்டம். பீகார்க்காரர் ஒருவர் மதுரையிலும், மதுரைக்காரர் ஒருவர் பீகாரின் தானாப்பூரிலும் இருந்தால் பிரமாதம். மும்பையில் இருக்கும் தமிழருக்கு ஆள் கிடைக்க வாய்ப்பு அதிகம், வேறு சில கோட்டங்களுக்குப் போக யாருமே முன்வரமாட்டார்கள். ரயில்வே ஊழியர்களுக்கான எச்.ஆர்.எம்.எஸ். இணையதளத்தில் விண்ணப்பிக்கும் வசதி வந்துவிட்டது, வாட்ஸாப், டெலிகிராம் குழுக்களில் ஆள் தேடுகிறார்கள். அதில் "ஆள் பிடித்துத் தருகிறேன், இவ்வளவு கொடு" என்று வரும் தரகர்களுக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். அவர்கள் செய்யும் எதையும் நீங்களே செய்யலாம்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் எதிராளியின் சர்வீஸ் விவரம், அவர்மேல் டி.ஏ.ஆர். எனப்படும் ஒழுங்கு நடவடிக்கை ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாதியில் பின்வாங்குவதை ரயில்வே வாரியம் ஏற்பதில்லை.

கணவன் மனைவி, மாற்றுத்திறனாளிக் குழந்தை

இந்த இரண்டுக்கும் எழுத்தில் ஆணை இருக்கிறது. அதனாலேயே இதை உரிமை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கணவன் மனைவியை ஒரே இடத்தில் பணியமர்த்துவது பற்றிய மத்திய அரசின் வழிகாட்டுதல் 1986-இலிருந்து இருக்கிறது. 30.09.2009 தேதியிட்ட ஆணை அதை இன்னும் வலுவாக்கியது. இருவரும் மத்திய அரசு என்றால் ஒரு மாதிரி, ஒருவர் மாநில அரசு என்றால் இன்னொரு மாதிரி. மனைவி தமிழ்நாடு அரசுப் பள்ளி ஆசிரியை, கணவர் வெளி மண்டல ரயில்வே என்றால் கணவர் அங்கே மாறுதல் கேட்கலாம், காலி இடம் இருந்தால் தருவதற்கு வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த ஆணைகள் பேசுவது அரசு, பொதுத்துறை வேலைகளைப் பற்றித்தான். மனைவி சென்னையில் தனியார் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறார் என்றால் இதைச் சுட்டிக்காட்டிப் பயன் இல்லை. இன்னொன்று, இப்படி வந்தாலும் அது உங்கள் விருப்ப மாறுதல்தான், சீனியாரிட்டி இழப்பு அப்படியே நிற்கும்.

இந்த வழிகாட்டுதலை வைத்துக்கொண்டு நீதிமன்றம் போனால்? 1993-இல் உச்ச நீதிமன்றம் எஸ்.எல். அப்பாஸ் வழக்கில் பதில் சொல்லிவிட்டது. ஷில்லாங்கில் இருந்த தாவரவியல் துறை ஊழியரை அப்போது உத்தரப் பிரதேசத்தில் இருந்த பௌரிக்கு மாற்றினார்கள். மனைவியும் ஷில்லாங்கிலேயே அரசு வேலையில் இருந்தார். தீர்ப்பாயம் மாறுதலை ரத்து செய்தது, உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிவிட்டது. நிர்வாகம் வழிகாட்டுதலைக் கருத்தில் கொள்ளவேண்டும், ஆனால் அது சட்டப்படி வலியுறுத்தக்கூடிய உரிமையைத் தராது என்றது.

பிறகு 10.03.2022 அன்று வந்த நௌசாத் ரஹ்மான் வழக்குத் தீர்ப்பில் தொனி கொஞ்சம் மாறியது. சுங்க, மத்தியக் கலால் துறையில் ஒரு ஆணையரகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதை 2018-இல் நிறுத்திவிட்டார்கள். நீதிபதிகள் சந்திரசூட், விக்ரம் நாத் அமர்வு அந்த முடிவு செல்லும் என்றே சொன்னது. ஆனால் கணவன் மனைவி சேர்ந்து வாழ்வது, மாற்றுத்திறனாளிகள், கருணை அடிப்படைக் காரணங்கள் ஆகியவற்றுக்கு இடம் இருக்கும்படி கொள்கையை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று துறைக்குச் சொன்னது. குடும்ப வாழ்க்கையைக் காப்பது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவோடு சேர்ந்தது என்றும் பேசியது. மனுவில் மேற்கோள் காட்ட நல்ல தீர்ப்பு. அதைக் காட்டி மறுநாளே ஆர்டர் வாங்க முடியாது.

மாற்றுத்திறனாளிக் குழந்தை இருப்பவர்களுக்கு 2014-இல் ஒரு ஆணை வந்தது. 08.10.2018 ஆணை அதைப் பெற்றோர், துணைவர், உடன்பிறந்தவர் வரை விரித்தது. குறைபாடுள்ள குடும்ப உறுப்பினரைப் பராமரிக்கும் முதன்மைப் பொறுப்பில் இருப்பவரை வழக்கமான சுழற்சி மாறுதலிலிருந்து விலக்கலாம் என்பது சாரம். கவனியுங்கள், இது உங்களை இருக்கிற இடத்தில் காப்பாற்றும். ஊருக்குக் கூட்டிவராது. நான்கு வருடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றப்படும் டிக்கெட் பரிசோதகர், புக்கிங் கிளார்க் போன்றவர்களுக்கு இது உண்மையிலேயே பயன்படும் கவசம். அசன்சோலில் இருந்துகொண்டு சேலத்துக்கு வர இதைக் காட்டுவது பொருந்தாத சாவி. அந்த மனுவில் குழந்தையின் குறைபாட்டுச் சான்றும், எந்த மருத்துவமனையில் எந்தத் தெரபி நடக்கிறது என்பதும் இருந்தால் ரிக்வெஸ்ட் வரிசையில் முன்னுரிமை கேட்க உதவும், அவ்வளவே.

வேலையை மாற்றுவது

இனி சட்டம் வலுவாக நிற்கும் இடம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 20(4) பிரிவு: பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்ட ஊழியரை அரசு நிறுவனம் வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலைக்குப் பொருந்தவில்லை என்றால் அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை தரவேண்டும். அதுவும் இல்லை என்றால், பொருத்தமான இடம் கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயது வரை உபரிப் பதவி உருவாக்கி அதில் வைத்திருக்க வேண்டும். முந்தைய 1995 சட்டத்தின் 47-ஆவது பிரிவும் இதையே சொன்னது. கால் துண்டிக்கப்பட்ட ஒரு காவலரை ஊனமுற்றோர் ஓய்வூதியம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது செல்லாது என்று 2003-இல் குணால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இந்தப் பிரிவின்படிதான்.

ரயில்வேயின் கையேடு இதைவிடவும் விரிவானது. குறைபாட்டுச் சான்று வாங்கும் அளவுக்குப் போகவேண்டியதில்லை. உங்கள் பதவிக்குரிய மருத்துவத் தரத்தில் தேறாமல், அதற்குக் கீழான தரத்தில் தேறினாலே போதும், 'டீ-கேட்டகரைஸ்' ஆனவர் என்ற வகையில் வந்துவிடுவீர்கள். லோகோ பைலட்டுக்கு ஏ-1, ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஏ-2, டிராக் மெயின்டெய்னருக்கு பி-1, அலுவலக கிளார்க்குக்கு சி-2. ஏ பிரிவினருக்கு 45 வயது வரை நான்கு வருடத்துக்கு ஒருமுறை, 55 வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பிறகு ஒவ்வொரு வருடமும் மருத்துவப் பரிசோதனை. கண்பார்வை, நிறம் பிரித்தறிதல், சர்க்கரை, இதயம் என்று நாற்பத்தைந்துக்கு மேல் அதில் விழுபவர்கள் நிறையப் பேர்.

ரிக்வெஸ்ட் டிரான்ஸ்ஃபரோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். டீ-கேட்டகரைஸ் ஆனவருக்குப் புதிய வேலையில் பாட்டம் சீனியாரிட்டி கிடையாது. பழைய இடத்தில் இணையான கிரேடில் எத்தனை வருடம் இருந்தாரோ அதை வைத்து சீனியாரிட்டி. லோகோ பைலட் போன்ற ஓடும் பணியாளர் என்றால் அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம் சேர்த்துப் புதிய சம்பளம் நிர்ணயிக்கப்படும். 60,000 அடிப்படை வாங்கியவருக்கு 78,000-ஐ வைத்துக் கணக்குப் போடுவார்கள். கிலோமீட்டர் அலவன்ஸ் போகும் இழப்பை இது முழுதாக ஈடுகட்டாது, ஆனால் வருடத்துக்கு வருடம் இன்கிரிமென்ட் அதன்மேல் ஏறும். மாற்று வேலையைப் பார்த்துச் சொல்லும் ஸ்கிரீனிங் கமிட்டி கூடும்வரை உபரிப் பதவியில் சம்பளம் ஓடும்.

குறை என்ன? இது வேலையைத் தரும், ஊரைத் தராது. மாற்று வேலை முதலில் உங்கள் கோட்டத்திலேயே தேடப்படும். பிறகு சொந்த ஊர்க் கோட்டத்துக்கு வரக் கேட்டால் மறுபடி ரிக்வெஸ்ட், மறுபடி பாட்டம் சீனியாரிட்டி. ஆகவே ஸ்கிரீனிங் கமிட்டி முன் எந்தப் பதவி என்பதோடு எந்த ஸ்டேஷன் என்பதையும் எழுத்தில் கேட்டுவிட வேண்டும். ஓட்டுநராக இருந்தவர்கள் பெரும்பாலும் ஓட்டுநர்களுக்கும் எஞ்சின்களுக்கும் பணி ஒதுக்கும் கிரூ கன்ட்ரோலர், பவர் கன்ட்ரோலர் மாதிரி வேலைகளைத்தான் கேட்பார்கள், தெரிந்த உலகம் என்பதால். அதிலும் இரவு ஷிஃப்ட் உண்டு. இதய நோயாளி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு பிறகு வருந்துவதைவிட, மதிப்பு குறைவாகத் தெரிந்தாலும் பகல் நேர அலுவலக வேலை மேல் என்பது என் எண்ணம்.

இன்னொரு யோசனையும் இந்த நேரத்தில் வரும். "நான் விருப்ப ஓய்வில் போய்விடுகிறேன், பையனுக்கு வேலை வாங்கிக்கொள்கிறேன்." மருத்துவக் காரணத்தால் தரம் இறங்கியவர் விருப்ப ஓய்வு பெற்றால், சில நிபந்தனைகளோடு வாரிசுக்கு வேலை கேட்க இடம் உண்டு. இதையும், ஊழியர் விருப்ப ஓய்வில் போனால் வாரிசுக்கு வேலை என்று முன்பு இருந்த லார்ஸ்கெஸ் திட்டத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், அது 2018-இல் முடித்துவைக்கப்பட்டுவிட்டது. வாரிசு நியமனம் நிர்வாகத்தின் பரிசீலனைக்கு உட்பட்டது. உங்களுக்கான மாற்று வேலையோ சட்டம் தந்தது. கையில் இருக்கும் உரிமையைக் கொடுத்துவிட்டுச் சலுகைக்குக் காத்திருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை, பையனுக்கு வேறு பிழைப்பே இல்லை என்ற நிலை தவிர. இதற்காக நோயைப் பெரிதாக்கிக் காட்டச் சான்று தேடுபவர்களும் இருக்கிறார்கள். ரயில்வே மருத்துவக் குழு அதைக் கண்டுபிடித்தால் போவது மாறுதல் மட்டுமல்ல, வேலையும்தான்.

அப்போ யாருக்கு எது?

ஐந்து வருடத்துக்குள் சர்வீஸ், புரமோஷன் வரவில்லை, ஊரில் பெற்றோர் தனியாக: உடனே ரிக்வெஸ்ட் பதிவு, கூடவே மியூச்சுவலுக்கு ஆள் தேடல். இரண்டையும் ஒன்றாக ஓட்டலாம், எது முதலில் பலிக்கிறதோ அது. பதினைந்து வருடம் ஆகி இரண்டு புரமோஷன் வாங்கியவர் என்றால் நான் ரிக்வெஸ்டுக்குச் சம்மதிக்கமாட்டேன். மியூச்சுவல் கிடைக்காவிட்டால், அம்மாவை வேலை செய்யும் ஊருக்குக் கூட்டிவர முடியுமா என்று பார்க்கச் சொல்வேன். வயதானவர்கள் ஊரை விட்டு வரமாட்டார்கள் என்பது தெரியும், ஆனாலும் வீட்டில் ஒருமுறை பேசிப் பார்க்காமல் பதவியை இறக்கிக்கொள்ளாதீர்கள். குழந்தைக்காகக் கேட்கும் தாய் என்றால் சி.சி.எல்.லை முதலில் கையில் எடுக்கலாம். உடம்பு உங்களுடையதே என்றால் மாறுதல் மனு எழுதுவதை நிறுத்திவிட்டு, ரயில்வே மருத்துவரிடம் போய் முறைப்படி பரிசோதனைக்கு உட்படுங்கள்.

மறுத்துவிட்டார்கள் என்றால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் இருக்கிறது. மாற்று வேலை மறுக்கப்பட்டிருந்தால் தயங்காமல் போகலாம், சட்டம் உங்கள் பக்கம். குடும்பக் காரண மாறுதல் மறுக்கப்பட்டிருந்தால், அங்கே பெரும்பாலும் கிடைக்கக்கூடியது "மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்துக் காரணத்தோடு பதில் சொல்லுங்கள்" என்ற உத்தரவு. வக்கீல் ஃபீஸ் கொடுத்து அதை வாங்குவதற்கு முன், முதல் மனுவையே ஒழுங்காக எழுதலாம். ஒரு பக்கம் போதும். எந்தக் கோட்டம், எந்த ஸ்டேஷன்கள் விருப்ப வரிசையில், எந்தப் பத்தி அல்லது ஆணையின்கீழ், பாட்டம் சீனியாரிட்டிக்குச் சம்மதமா இல்லையா, பதிவு செய்த தேதி, இணைப்பில் என்னென்ன சான்றுகள். நோயைப் பற்றி இரண்டு வரி, மீதியை மருத்துவச் சான்று சொல்லும். மேலதிகாரி வழியாக அனுப்பி, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கோப்பு தொலைந்துவிட்டது என்று யாராவது சொல்லும் நாளில் உங்கள் பதிவுத் தேதியைக் காட்ட வேறு எதுவும் இருக்காது.